ரேடார் படத்தில் ஈரநிலத்தை வரைவதும் கண்காணிப்பதும்: முழுமையான வழிகாட்டி

செயற்கைக்கோள் ரேடார் படத்தை முதன்முதலாகத் திறப்பவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கறுப்பாகத் தெரிவதையெல்லாம் தண்ணீர் என்று குறித்து, வரைபடத்தை ஒரே மாலையில் முடித்துவிடுகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு களத்திற்குப் போனவர் முகம் சுளித்தபடி திரும்புகிறார். இடுப்பளவு தண்ணீரில் நாணல் நிற்கும் இடம் வரைபடத்தில் நிலமாக இருக்கிறது. காய்ந்து வெடித்த சேற்றுத் திடல் ஏரியாக இருக்கிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது, அவர்களும் அதே இடங்களில் தடுக்கி விழுவதைப் பார்த்தேன்.

கீழே உள்ள படிகளை அந்த இடங்களை மனதில் வைத்தே அடுக்கியிருக்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தையதைச் சரியாகச் செய்திருந்தால்தான் பலன் தரும்.

1. மென்பொருளைத் திறக்கும் முன் கேள்வியை எழுதுங்கள்

"ஈரநிலத்தை வரைய வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. திறந்த நீர்ப்பரப்பு வேண்டுமா, செடிகளுக்கு அடியில் தேங்கிய நீர் வேண்டுமா, நீர் வடிந்த பிறகும் நனைந்து கிடக்கும் மண் வேண்டுமா? மூன்றும் ரேடாரில் மூன்று விதமாகத் தெரியும். உங்களுக்கு எது வேண்டும் என்பதை ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதிவிடுங்கள்.

அதே தாளில் இரண்டு எண்களும் வேண்டும். வரைபடத்தில் வந்தே தீர வேண்டிய மிகச் சிறிய குட்டையின் பரப்பு எவ்வளவு? எத்தனை நாளுக்கு ஒருமுறை தகவல் தேவை? ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 தரும் படத்தின் பிக்செல் 10 மீட்டர்தான். ஆனால் அது பொருள்களை உண்மையில் பிரித்துக் காட்டுவது சுமார் 20 மீட்டர் அளவில். இரைச்சலையும் கணக்கில் எடுத்தால், அரை ஹெக்டேருக்குக் குறைந்த குட்டையைப் பற்றி ஒரே படத்தை வைத்து நான் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். பிக்செல் அளவை நம்பி, 15 மீட்டர் அகலக் கால்வாயைத் தேடி ஒரு மாதத்தை வீணடித்தவரை எனக்குத் தெரியும்.

2. ரேடார் எதைப் பார்க்கிறது என்பதை மனதில் பதியுங்கள்

ரேடாருக்குத் தண்ணீர் என்று தனியாக ஒன்று தெரியாது. அது சாய்வாக ஒரு நுண்ணலையை அனுப்பி, அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கிறது. திரும்பி வருவதற்குப் பின்சிதறல் என்று பெயர். பரப்பின் சொரசொரப்பு, அதன் மேல் நிற்பவற்றின் வடிவம், ஈரம் ஆகிய மூன்றும்தான் அதைப் பெருமளவு தீர்மானிக்கின்றன.

அமைதியான நீர்ப்பரப்பு கண்ணாடியைப் போன்றது. சாய்வாக வந்த அலையை அது மறுபக்கம் தள்ளிவிடுகிறது. செயற்கைக்கோளுக்கு ஏறக்குறைய ஒன்றும் திரும்புவதில்லை. அதனால் கறுப்பு.

அதே நீரில் நாணலோ மரமோ நின்றால் கதையே மாறிவிடும். நீரில் பட்டு எகிறிய அலை நிமிர்ந்த தண்டில் மோதி, வந்த திசைக்கே திரும்புகிறது. இந்த இரட்டை எதிரொலிப்பால் அந்த இடம் வறண்ட காட்டைவிடப் பளிச்சென்று தெரியும். இலை மிகவும் அடர்ந்துவிட்டாலோ, அலை கீழே நீர்வரை இறங்காமல் இலைகளுக்குள்ளேயே சிதறி, சாம்பல் நிறமாகத் திரும்புகிறது.

ஆக, ஒரே ஈரநிலத்தின் நடுப்பகுதி கறுப்பாகவும், நாணல் விளிம்பு வெளுப்பாகவும், அடர்ந்த புதர் சாம்பலாகவும் இருக்கும். கறுப்பை மட்டும் வெட்டி எடுத்தால் மற்ற இரண்டும் போய்விடும். சதுப்புக் காடுகளிலும் நாணல் காடுகளிலும் பெரும்பகுதி அந்த இரண்டில்தான் இருக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்டது ஓர் அவமானத்தின் வழியாக. ஓர் ஏரியின் பரப்பு நான்கு மாதத்தில் பாதியாகிவிட்டது என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். கரையில் இருந்த நீர்மட்ட அளவுகோல் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, கறுப்பு ஒரு கரையிலிருந்து மறு கரை நோக்கித் திட்டுத் திட்டாக வெளுத்துக்கொண்டே போனது தெரிந்தது. வெங்காயத்தாமரை படர்ந்திருந்தது. தண்ணீர் எங்கும் போகவில்லை. அதன் மேல் ஒரு பாய் விரித்திருந்தது, அவ்வளவுதான்.

3. அலைநீளத்தையும் முனைவாக்கத்தையும் தேர்ந்தெடுங்கள்

அலைநீளம் குறைந்தால் இலையோடு நின்றுவிடும். கூடினால் இலையைத் தாண்டித் தண்டுவரை, நீர்வரை இறங்கும். இந்த ஒரு விதியே தேர்வில் முக்கால்வாசியை முடித்துவிடும்.

சென்டினல்-1 இயங்குவது சி அலைவரிசையில். அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. திறந்த நீர், புல், இளம் நாணல், இலையுதிர்ந்த மரங்களுக்கு இது போதும். படங்கள் இலவசம், உலகம் முழுவதற்கும் கிடைக்கின்றன, 2014 முதல் தொடர்ச்சி இருக்கிறது. புதியவர் இதில் தொடங்குவதே நல்லது.

அலையாத்திக் காடு, அடர்ந்த சதுப்புக் காடு என்றால் எல் அலைவரிசை வேண்டும். அலைநீளம் சுமார் 24 செ.மீ. ஜப்பானின் ஆலோஸ்-2 இந்த வகை. அதன் ஆண்டுத் தொகுப்புப் படங்கள் 25 மீட்டர் பிக்செலில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தக் கோப்பில் இருப்பது வெறும் முழு எண். அதை இருமடி எடுத்து, அதன் மடக்கையைப் பத்தால் பெருக்கி, 83-ஐக் கழித்தால்தான் டெசிபெல் (பின்சிதறலை மடக்கைக் கணக்கில் சொல்லும் அலகு) கிடைக்கும். இன்னோர் எச்சரிக்கை: ஆண்டுத் தொகுப்பில் அடுத்தடுத்த பட்டைகள் வெவ்வேறு மாதங்களில் எடுத்தவையாக இருக்கலாம். ஒரு பட்டை மழைக்காலம், அடுத்தது கோடை என்றால், நடுவே தெரியும் நேர்கோடு ஈரநிலத்தின் எல்லை அல்ல.

இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஏவிய நிசார், எல், எஸ் ஆகிய இரு அலைவரிசைகளையும் சுமக்கிறது. 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்புகிறது. காட்டுக்கடியில் நிற்கும் நீரை அடிக்கடி பார்க்க வேண்டியவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து முனைவாக்கம், அதாவது அலை அதிரும் திசை: வி என்றால் செங்குத்து, ஹெச் என்றால் கிடைமட்டம். எழுத்து இரண்டாக வரும்: முதல் எழுத்து அனுப்பிய அலையின் நிலை, இரண்டாவது பெற்ற அலையின் நிலை. சென்டினல்-1 நிலப்பரப்பின் மேல் பொதுவாக விவி, விஹெச் என்ற இரண்டைத் தருகிறது. விவி பரப்பின் சொரசொரப்பையும் இரட்டை எதிரொலிப்பையும் பிடிக்கும். விஹெச் இலை, கிளைகளுக்குள் நடக்கும் சிதறலைப் பிடிக்கும். நீரில் நிற்கும் தண்டுகளுக்கு மிகச் சிறந்தது ஹெச்ஹெச். அது ஆலோஸ்-2 போன்றவற்றில் கிடைக்கும். இரண்டு இருந்தால் இரண்டையும் எடுங்கள். ஒன்றை மட்டும் இறக்கி இடத்தை மிச்சம் பிடிப்பவர்கள் இரண்டே வாரத்தில் மற்றதைத் தேடி வருகிறார்கள்.

4. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

மென்பொருள்: ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஸ்நாப், வரைபட வேலைக்குக் க்யூஜிஐஎஸ். இரண்டும் இலவசம். கணினி சுமாரானது என்றாலோ, நூற்றுக்கணக்கான படங்கள் வேண்டும் என்றாலோ கூகுள் எர்த் எஞ்சின். ஸ்நாப்பில் வேலை செய்ய 16 ஜிபி நினைவகமாவது வேண்டும். 8 ஜிபியில் ஓடும், ஆனால் உங்கள் பொறுமை ஓடாது.

உயர மாதிரி: எஸ்ஆர்டிஎம் அல்லது கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர். ரேடார் சாய்வாகப் பார்ப்பதால், நிலத்தின் உயரம் தெரியாமல் எந்தப் பிக்செலையும் வரைபடத்தில் அதன் இடத்தில் வைக்க முடியாது.

எல்லைக் கோடு: ஆய்வுப் பகுதியின் எல்லையைச் சுற்றி இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஈரநிலத்தை மட்டும் ஒட்ட வெட்டினால், ஒப்பிடுவதற்கு உலர்ந்த நிலம் படத்தில் இருக்காது.

மழை, காற்று, நீர்மட்டப் பதிவுகள்: பலரும் இதைக் கடைசியில்தான் தேடுகிறார்கள். முதலிலேயே ஒரு தாளில் தேதிவாரியாக எழுதி வையுங்கள். கடலோரம் என்றால் ஓத அட்டவணையும் சேரும். ஒரே அலையாத்திக் காட்டின் இரண்டு படங்களில் ஒன்று ஏற்றத்தின்போதும் மற்றது இறக்கத்தின்போதும் எடுத்ததாக இருந்தால், நீங்கள் பார்க்கும் மாற்றம் கடலுடையது. காடு அப்படியே இருக்கும்.

களப் புள்ளிகள்: நாமே போய்ப் பார்த்தவை சிறந்தவை. போக முடியாவிட்டால், மேகமில்லாத நாளில் எடுத்த ஒளிப்படங்களிலிருந்து (சாதாரண ஒளியில் எடுத்த செயற்கைக்கோள் படங்கள்) எடுக்கலாம். ஒவ்வொரு புள்ளியிலும் தேதி கட்டாயம். தேதியில்லாத "சதுப்பு" என்ற குறிப்பு, ஆண்டில் ஐந்து மாதம் காய்ந்து கிடக்கும் இடத்துக்கு ஒன்றும் சொல்லாது.

5. படத்தேர்வு: ஒரே பாதை, ஒரே திசை

சென்டினல்-1 உலகை 175 சுற்றுகளில் முழுவதும் பார்த்துவிட்டு, 12 நாளில் முதல் சுற்றுக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் எண் உண்டு. தெற்கிலிருந்து வடக்கே போவது ஏறுபாதை. வடக்கிலிருந்து தெற்கே வருவது இறங்குபாதை. உங்கள் பகுதியை முழுமையாக மூடும் ஒரு சுற்று எண்ணைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

காரணம் இதுதான். படத்தின் ஒரு ஓரத்தில் படுகோணம் (அலை செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்து தரையில் படுகிறது என்பது) சுமார் 30 பாகை, மறு ஓரத்தில் சுமார் 45. ஒரே புல்வெளி ஒரு சுற்றில் உள் ஓரத்திலும் அடுத்த சுற்றில் வெளி ஓரத்திலும் விழுந்தால், நிலத்தில் எதுவும் மாறாமலேயே எண்கள் மாறிவிடும். திசை மாறினால் கரையோர மரங்கள் விழுத்தும் நிழலும் பக்கம் மாறும். படம் நிறைய வேண்டும் என்ற ஆசையில் எல்லாச் சுற்றுகளையும் கலந்துவிட்டு, வரைபடத்தில் ரம்பப் பல் போன்ற ஏற்ற இறக்கங்களுக்குக் காரணம் தேடுவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை.

இந்தச் செயற்கைக்கோள் ஓர் இடத்தை உள்ளூர் நேரப்படி காலை ஆறு, மாலை ஆறு ஆகிய மணிகளை ஒட்டிக் கடக்கிறது. இரண்டு திசையும் கிடைத்தால், திறந்த நீருக்குக் காலைப் படத்தையே எடுப்பேன். விடியற்காலையில் பெரும்பாலும் காற்று ஓய்ந்திருக்கும். நீர் கண்ணாடியாக இருக்கும்.

6. முன்தயாரிப்பு: வரிசையும் காரணமும்

ஸ்நாப்பில் பொத்தான்கள் எல்லாம் எந்த வரிசையிலும் அழுத்த அனுமதிக்கும். அதுதான் ஆபத்து, தவறான வரிசையும் ஒரு படத்தைக் கொடுத்துவிடும்.

முதலில் துல்லியச் சுற்றுப்பாதைக் கோப்பைச் சேருங்கள். படம் எடுத்தபோது செயற்கைக்கோள் எங்கே இருந்தது என்பதை இது திருத்துகிறது. பின்னால் வரும் இடத்திருத்தம் இதை நம்பித்தான் நடக்கும். படம் எடுத்து சுமார் 20 நாள் கழித்தே இந்தக் கோப்பு வெளியாகும். அவசரம் என்றால் தற்காலிகக் கோப்பு போதும்.

அடுத்து வெப்ப இரைச்சலை நீக்குங்கள். கருவியே எழுப்பும் இந்த இரைச்சல், வலுவான சமிக்ஞையில் தெரியாது. ஆனால் அமைதியான நீரின் விஹெச் மதிப்பு அந்த இரைச்சலின் அளவிலேயே உட்கார்ந்திருக்கும். நீக்காவிட்டால் ஏரிக்குள் செங்குத்துப் பட்டைகள் தெரியும். 2018-க்கு முந்தைய படங்கள் என்றால் ஓர இரைச்சலையும் நீக்குங்கள். இல்லையேல் படத்தின் விளிம்பில் நீளமாக ஒரு பொய் ஏரி உருவாகும்.

மூன்றாவது அளவுத்திருத்தம். கோப்பில் இருக்கும் எண்கள் கருவியின் எண்கள்; அவற்றை ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதிக்கு ஒப்பிட முடியாது. இந்தப் படிதான் அவற்றைப் பின்சிதறல் கெழுவாக மாற்றுகிறது. அந்தக் கெழுவுக்குச் சிக்மா நாட், பீட்டா நாட், காமா நாட் என்று மூன்று வடிவங்கள் உண்டு; தட்டை நிலம் என்றால் சிக்மா நாட் போதும். சுற்றிலும் மலை இருந்தால் பீட்டா நாட்டுக்கு மாற்றி, சரிவுத் திருத்தத்தின் வழியாகக் காமா நாட் எடுங்கள். ரேடாரை நோக்கிய சரிவு பளிச்சிடுவதும் எதிர்ச்சரிவு இருண்டு நீர் போலத் தெரிவதும் இதனால் பெருமளவு குறையும்.

நான்காவது புள்ளி இரைச்சல். ரேடார் படம் உப்பும் மிளகும் தூவியது போலத் தெரிவது இதனால்தான். சென்டினல்-1 தரைப்படத்தில் (தரைத் தூரத்துக்கு மாற்றிய வழக்கமான கோப்பு), சீரான ஒரே புல்வெளிக்குள்கூடப் பிக்செல்கள் சராசரியிலிருந்து ஏறக்குறைய பாதி அளவுக்கு ஏறி இறங்கும். லீ வகை வடிகட்டி ஒன்றை 5-க்கு 5 அல்லது 7-க்கு 7 பிக்செல் சாளரத்தில் போடுங்கள். 11-க்கு 11 படத்தை அழகாக்கும். உங்கள் குட்டைகளையும் கரைத்துவிடும். நிறைய தேதிகள் இருந்தால், இடத்தில் வடிகட்டுவதைவிடக் காலத்தில் சராசரி எடுப்பது மேல்: ஒன்பது தேதிகளின் சராசரி இரைச்சலை மூன்றில் ஒன்றாக்கும், விளிம்பும் மழுங்காது.

ஐந்தாவதுதான் உயர மாதிரியை வைத்து இடத்திருத்தம். இதை வடிகட்டலுக்கு முன் செய்துவிடக் கூடாது. இடத்திருத்தம் அண்டைப் பிக்செல்களைக் கலந்து புதுப் பிக்செல் உண்டாக்குகிறது. அதன் பிறகு இரைச்சலின் புள்ளியியல், வடிகட்டி எதிர்பார்ப்பது போல இருக்காது.

டெசிபெல் மாற்றம் எப்போதும் கடைசி. இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு கணக்கையும் போட்டுக் காட்டுவேன். ஒரு பிக்செல் இரண்டு தேதிகளில் −10, −20 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். நேராகச் சராசரி எடுத்தால் −15. ஆனால் அவற்றின் உண்மையான திறன் மதிப்புகள் 0.1-உம் 0.01-உம், சராசரி 0.055, அதை டெசிபெல்லாக்கினால் −12.6. வித்தியாசம் 2.4 டெசிபெல். நீரையும் நிலத்தையும் பிரிக்கும் இடைவெளியே பல இடங்களில் சில டெசிபெல்தான். கூகுள் எர்த் எஞ்சினில் இருக்கும் வழக்கமான தொகுப்பு ஏற்கெனவே டெசிபெல்லில் இருக்கிறது. சராசரிக்கு முன் நேரியல் மதிப்பாக மாற்றுங்கள், அல்லது நேரியல் மதிப்பில் இருக்கும் தனித் தொகுப்பை எடுங்கள். அந்தத் தொகுப்புகளில் புள்ளி இரைச்சல் வடிகட்டலோ சரிவுத் திருத்தமோ செய்திருக்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

7. திறந்த நீரை முதலில் பிரித்தெடுங்கள்

எளிதானதை முதலில் முடித்து ஒதுக்கிவிட்டால், கடினமானதற்குக் குழப்பம் குறையும். விஹெச், விவி இரண்டின் பரவல் வரைபடத்தையும் (எந்த மதிப்பில் எத்தனை பிக்செல் என்று காட்டுவது) பாருங்கள். நீர் ஒரு குன்றாகவும் நிலம் ஒரு குன்றாகவும் இருந்தால், நடுப்பள்ளம்தான் வரம்பு மதிப்பு. ஓட்சு முறை அந்தப் பள்ளத்தைத் தானே கண்டுபிடிக்கும்.

ஆனால் அதற்கு இரண்டு குன்றும் இருக்க வேண்டும். படத்தில் நீர் நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டும் என்றால் அதன் குன்று நிலத்தின் அடிவாரத்தில் மறைந்துபோகும். ஓட்சு முறை காட்டையும் வயலையும் பிரித்துவிட்டு, அதுதான் நீர் என்று கொடுக்கும். தீர்வு எளிது: தெரிந்த நீர்நிலைகளைச் சுற்றி, அவற்றின் பரப்புக்கு ஈடான அளவு நிலத்தை மட்டும் வெட்டி எடுத்து, அங்கே வரம்பைக் கண்டுபிடித்து, பிறகு முழுப் படத்துக்கும் போடுங்கள். வேறொருவர் பயன்படுத்திய வரம்பு மதிப்பை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அது அவருடைய கோணத்துக்கும் அவருடைய நாளின் காற்றுக்கும் உரியது.

காற்று எழுந்தால் நீர்ப்பரப்பில் சிற்றலை உண்டாகி, விவி படத்தில் ஏரி நிலத்தைப் போல வெளுக்கும். விஹெச் இதில் குறைவாகவே பாதிக்கப்படும். ஒரே ஏரி விவியில் காணாமல் போய், விஹெச்சில் இருந்தால், காற்றுப் பதிவைத் திறந்து பாருங்கள்.

இதற்கு நேர்மாறான பொய்களும் உண்டு. விமான ஓடுதளம், அகலமான தார்ச்சாலை, உலர்ந்த மணல், வழவழப்பான உப்பளம், மலை நிழல் எல்லாம் கறுப்புதான். சரிவு அதிகமான இடங்களை உயர மாதிரியை வைத்து நீக்கலாம். மற்றவற்றுக்கு ஒரே மருந்து காலம்: ஓடுதளம் ஆண்டு முழுவதும் கறுப்பு, எந்தப் பருவத்திலும் அசையாது. மணல் திடல் மழை பெய்த வாரத்தில் வெளுக்கும். நீர் அப்படி வெளுக்காது.

8. செடிக்கு அடியில் இருக்கும் நீர்

இங்கே ஒரு படத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பளிச்சென்று தெரியும் இடம் நீரில் நிற்கும் நாணலாக இருக்கலாம்; ஊராகவும் இருக்கலாம், ஏனென்றால் சுவரும் தரையும் சேர்ந்து அதே இரட்டை எதிரொலிப்பைத் தருகின்றன. வறண்ட பருவத்துப் படத்தை அடிப்படையாக வைத்து, ஈரப்பருவத்தில் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். கட்டடம் இரண்டு பருவத்திலும் ஒரே பிரகாசம். நாணல் ஏறி இறங்கும்.

விவி ஏறி, விஹெச் அதிகம் அசையாமல் இருந்தால், நீரும் தண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று பொருள். இரண்டும் சேர்ந்து மெல்ல ஏறினால் பெரும்பாலும் செடி வளர்ந்திருக்கிறது அல்லது மண் நனைந்திருக்கிறது. டெசிபெல்லில் விவியிலிருந்து விஹெச்சைக் கழித்த ஒரு படத்தைச் செய்து வைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

நாணல் முற்றி அடர்ந்துவிட்டால் சி அலைவரிசை மேல் இலையோடு நின்றுவிடும். கீழே நீர் நிற்கும்போதே விவி இறங்கும். வளர்பருவத்தின் பிற்பகுதியில் "நீர் வடிந்தது" என்று சொல்ல வைக்கும் கண்ணி இது. நெல்வயலும் குழப்பும்: நடவின்போது கறுப்பு, பயிர் ஏற ஏற வெளுப்பு. அது ஒவ்வோர் ஆண்டும் பயிர் நாட்காட்டியோடு ஒட்டிப் போவதால், ஓராண்டு வரிசையைப் பார்த்தாலே பிடிபடும்.

9. வகைப்படுத்தல்

பருவத்துக்கு ஒரு தொகுப்பாக, விவி, விஹெச், இரண்டின் வேறுபாடு ஆகியவற்றின் இடைநிலையையும் ஏற்ற இறக்க அளவையும் அடுக்குங்கள். மிகக் குறைந்த மதிப்பு வேண்டுமென்றால் பத்தாவது சதமானத்தை எடுங்கள். உண்மையான சிறுமம் பல சமயம் இரைச்சலாகத்தான் இருக்கும். மேகமற்ற நாளின் ஒளிப்படங்கள் இருந்தால் அவற்றையும் சேருங்கள். வகைப்படுத்த, பல முடிவு மரங்களின் வாக்கை எண்ணும் ரேண்டம் ஃபாரஸ்ட் முறை போதும். அதைவிடப் பெரிய மாதிரிக்கு ஏங்குபவர்களிடம், இன்னும் ஐம்பது நல்ல களப் புள்ளிகள் கொண்டு வரச் சொல்கிறேன்.

உயர மாதிரியை ஓர் உள்ளீடாகக் கொடுக்கும்போது கவனம் வேண்டும். 2000-ஆம் ஆண்டு எடுத்த எஸ்ஆர்டிஎம், அடர்ந்த காட்டில் தரையை விட்டு மர உச்சியை ஒட்டியே அளந்திருக்கிறது. அலையாத்திக் காடு அதில் மேடாகத் தெரியும். "மேட்டில் நீர் நிற்காது" என்று விதி போட்டால், காடு முழுவதும் வரைபடத்திலிருந்து வெளியேறிவிடும்.

10. சரிபார்த்தல்

ஒரே பலகோணத்தின் பாதிப் பிக்செல்களில் பயிற்சி கொடுத்து, மீதிப் பாதியில் சோதிப்பது, கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பது போன்றது. சோதனைப் புள்ளிகள் வேறு இடங்களிலிருந்து வர வேண்டும்.

மொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். ஈரநிலம் பகுதியில் நூற்றுக்கு ஐந்து என்றால், எல்லாமே உலர்நிலம் என்று காட்டும் வெற்று வரைபடத்துக்கும் 95 மதிப்பெண் கிடைக்கும். வகைவாரியாக இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வரைபடம் ஈரநிலம் என்று காட்டியதில் எவ்வளவு உண்மை? உண்மையான ஈரநிலத்தில் வரைபடம் எவ்வளவைப் பிடித்தது?

பரப்பைக் கணக்கிடும்போது பாகைக் கணக்கில் இருக்கும் படத்தில் பிக்செல்களை எண்ணாதீர்கள். மீட்டரில் அளக்கும் வீழலுக்கு (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் வரைபட முறை) மாற்றிவிட்டு எண்ணுங்கள். சிரிப்பு வரலாம்; இந்தத் தவறோடு வந்த அறிக்கைகளை ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

11. வரைபடத்தைக் கண்காணிப்பாக மாற்றுதல்

ஒரு வரைபடம் ஒரு நாளின் செய்தி. கண்காணிப்புக்குக் குறைந்தது மூன்றாண்டு அடிப்படைக் காலம் வேண்டும். அதில் ஒரு மழை மிகுந்த ஆண்டும் ஒரு வறண்ட ஆண்டும் இருந்தால் நல்லது. ஒப்பீடு எப்போதும் அதே மாதத்தோடு. ஏப்ரலை ஆகஸ்டோடு ஒப்பிட்டால் கிடைப்பது பருவ மாற்றம்.

ஒவ்வொரு பிக்செலும் ஆண்டில் எத்தனை பங்கு நேரம் நீரில் இருந்தது என்பதே ஈரநிலத்துக்கு மிகவும் பயனுள்ள அளவு. இதை எண்ணிக்கையாகக் கொடுக்காமல், பார்த்த முறைகளில் எத்தனை முறை நீர் இருந்தது என்ற விகிதமாகக் கொடுங்கள். ஏனென்றால் சென்டினல்-1 என்ற பெயரில் சேர்ந்து இயங்கிய இரண்டு செயற்கைக்கோள்களில் ஒன்றான சென்டினல்-1பி 2021 டிசம்பரில் செயலிழந்தது; 6 நாளுக்கு ஒருமுறை படம் கிடைத்த பகுதிகளில் அது 12 நாளாயிற்று. எண்ணிக்கையை வைத்தவர்களின் வரைபடத்தில், 2022-இல் ஈரநிலங்களெல்லாம் ஒரே நாளில் பாதியாக வற்றியிருக்கும். அதன் இடத்துக்கான சென்டினல்-1சி 2024 டிசம்பரில்தான் விண்ணுக்குப் போனது.

செயற்கைக்கோள் மாறும் இடத்தில், மாறாத காடு ஒன்றைப் பகுதிக்குள் தேர்ந்தெடுத்து, அதன் மதிப்பை ஒவ்வொரு தேதிக்கும் குறித்து வாருங்கள். காடும் சேர்ந்து ஏறினால் ஏறியது நிலம் அல்ல, அளவீடு. எச்சரிக்கை எழுப்ப ஒரு தேதி போதாது. ஒரே திசையில் அடுத்தடுத்து மூன்று தேதிகள் விலகினால் மட்டும் களத்துக்கு ஆளை அனுப்புங்கள்.

12. நீர்மட்டம் வேண்டுமென்றால்

பரப்பு போதாமல் நீர்மட்ட ஏற்ற இறக்கமும் தேவைப்பட்டால், இரண்டு தேதிகளின் அலைக்கட்டத்தை (திரும்பி வந்த அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருந்தது என்பது) கழிக்கும் குறுக்கீட்டு முறை இருக்கிறது. அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் இது செய்து காட்டப்பட்டது. நீரில் செடி நிற்கும் இடத்தில் மட்டும் இது நடக்கும். திறந்த நீரில் அலைக்கட்டம் நிலைக்காது. அதற்கு வழக்கமான தரைப்படம் உதவாது, அலைக்கட்டத்தோடு இருக்கும் மூலக் கோப்பு வேண்டும். கழித்துக் கிடைக்கும் படத்தில் மாற்றம் வண்ண வளையங்களாகத் தெரியும்: சி அலைவரிசையில் ஒரு முழு வண்ண வளையம், ரேடார் பார்க்கும் திசையில் 2.8 செ.மீ.; எல் அலைவரிசையில் ஏறத்தாழ 12 செ.மீ. கிடைப்பது ஒப்பீட்டு மாற்றம் மட்டுமே. ஆகவே ஈரநிலத்துக்குள் ஓர் அளவுகோலாவது நட்டு, செயற்கைக்கோள் கடக்கும் நாளில் யாராவது அதைப் படித்து எழுதி வைக்க வேண்டும்.